தண்ணீராய்ச் செலவழிக்கலாமா?

"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறானே!" என்று அங்கலாய்க்கிறோம். தண்ணீரையே தண்ணீராய்ச் செலவழித்தால்? 2019-ம் வருஷம் கோடையில் சென்னைவாசிகளுக்கு அந்தப் பாடம் கிடைத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டே போயின. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலேறி வந்தது! குடமும் கையுமாக வரிசையில் நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால், அதற்குப் பின் பிறந்த குழந்தைக்கு, குழாயைத் திருகினால் கொட்டுவதுதானே தண்ணீர்?

அதனிடம் "வீணாக்காதே!" என்று பத்துத் தடவை சொல்லிப் பயனில்லை. குழந்தைக்கு உபதேசம் கசக்கும், விளையாட்டு இனிக்கும். காலையில் அது பல் தேய்க்கும்போது குழாயடியில் ஒரு வாளியை வையுங்கள். வழக்கம்போல் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே தேய்க்கட்டும். பிறகு, வாளியில் சேர்ந்ததைச் செம்பால் எண்ணி மொண்டு செடிகளுக்கு ஊற்றச் சொல்லுங்கள். மறுநாள் ஒரே செம்புத் தண்ணீரில் காரியத்தை முடிக்கட்டும். வித்தியாசத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். அதுவே கூவிச் சொல்லும்!

அரிசி களைந்த நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் வேலையையும் அதனிடமே ஒப்படையுங்கள். செடி துளிர்க்கும்போது, 'என் செடி' என்ற பெருமையும் கூடவே துளிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை: சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் பேசப் போனால், "அம்மா, எத்தனை செம்பு?" என்று கேள்வி வரும். கோபிக்காதீர்கள். பாடம் பலித்துவிட்டது என்று அர்த்தம்!