கடல் இரைச்சலுக்கு நடுவே ஒரு கிடார்... பிள்ளைச்சாவடி மொட்டைமாடியில் விவால்டி!

"இன்னாடா இது, பக்கத்து ரூமுக்கே கேக்கல. மேடையில எவனுக்குக் கேக்கும்?"

சித்தப்பா போகிறபோக்கில் கேட்டுவிட்டு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தம்பி முகம் சுருங்கிவிட்டது. நான்தான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூங்காமல் படித்துக்கொண்டிருந்தேன். காரணம், சித்தப்பா கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்லை. இத்தாலிக்காரர்கள் 300 வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு பக்கம் போனால் வருகிற மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. கடல் அரிப்புச் செய்திகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் அலைச்சத்தம் கேட்காத நிமிடமே கிடையாது. அங்கே உட்கார்ந்துதான் சித்தி மகன் க்ளாசிக்கல் கிடார் பழகுகிறான். சினிமாவில் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுவார்களே, அந்த எலெக்ட்ரிக் கிடார் இல்லை. நைலான் கம்பி, விரல் நகம், மரப்பெட்டி. அவ்வளவுதான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, வீட்டில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாகத் தார்ப்பாயில் சுற்றப்பட்டது அந்தக் கிடார்தான். அப்படியும் ஈரம் குடித்து அடிப்பலகை ஓர் இடத்தில் ஒட்டு விட்டுவிட்டது. தச்சு வேலை தெரிந்த ஒருவர் ஃபெவிகால் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சத்தம் இன்னும் கொஞ்சம் குறைந்துவிட்டதாகத் தம்பி சொல்கிறான்.

கல்லூரி விழாவில் அவன் வாசிக்கப்போவது விவால்டியின் ஒரு கான்செர்டோவில் வரும் மெதுவான நடுப்பகுதி. 'லார்கோ' என்பார்கள். பின்னணியில் வயலின்கள் வர வேண்டும். வயலின்காரர்களுக்கு எங்கே போவது? ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாசிக்கப்போகிறான்.

கான்செர்டோ என்றால் என்ன என்று சித்தி கேட்டாள். நம் ஊர்த் தெருக்கூத்தை வைத்துத்தான் சொன்னேன். வேஷம் கட்டியவர் ஓர் அடி பாடி நிறுத்துவார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கி மொத்தமாகப் பாடுவார்கள், மறுபடி அவர் தனியாக எடுப்பார். அதே மாதிரி இங்கே ஒற்றைக் கருவிக்கும் கூட்டத்துக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை. வயலினோ ட்ரம்பெட்டோ கூட்டத்தை மீறி ஒலித்துவிடும். கிடாருக்கு அந்தத் தொண்டை கிடையாது. வயலினில் வில்லை இழுக்க இழுக்கச் சத்தம் நீளும். கிடாரில் கம்பியைத் தட்டிய நொடியே ஒலி சாக ஆரம்பித்துவிடும்.

விவால்டி இதை எப்படிச் சமாளித்தார்?

அன்டோனியோ விவால்டி 1678-ல் வெனிஸில் பிறந்தவர். பாதிரியார். தலைமுடி செந்நிறம் என்பதால் 'சிவப்புப் பாதிரியார்' என்றே பெயர். பியெத்தா என்ற ஆதரவற்ற பெண் குழந்தைகள் இல்லத்தில் 1703-லிருந்து இசை சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களின் வாசிப்பைக் கேட்க வெளிநாட்டுப் பயணிகளெல்லாம் வந்தார்கள். தம்பி வாசிக்கிற கான்செர்டோ அவர் 1730-களின் தொடக்கத்தில் பொஹீமியாவைச் சேர்ந்த ஒரு பிரபுவுக்காக எழுதியது. இன்றைய செக் நாடு அது. ஆனால், அவர் எழுதியது கிடாருக்கு அல்ல, லூட் என்ற வீணைக் குடும்பத்துக் கருவிக்கு. லூட் வழக்கொழிந்துபோனதால் கிடார்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இது கிடார் கான்செர்டோ என்றுதான் அறியப்படுகிறது.

அந்த லார்கோவை ஹெட்போனில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள்தான். வயலின்கள் நீளமான சுரங்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பாய் விரிக்கிற மாதிரி. அதன் மேல் கிடார் ஒவ்வொரு சுரமாக நடந்து போகும். செத்துப்போகிற ஒலியைக் கீழே இருக்கிற வயலின் தாங்கிக்கொள்கிறது. சத்தத்தைக் கூட்டவில்லை அவர், சுற்றியிருந்தவர்களின் குரலைத் தாழ்த்தினார். அது மட்டும்தான் தந்திரம்.

விவால்டி 1741-ல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். அதற்கப்புறம் அவரை உலகம் கிட்டத்தட்ட மறந்தே போனது. இந்த இடத்தில் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. 1926-ல் இத்தாலியின் பியெமாந்தே பகுதியில் ஒரு கிறிஸ்தவத் துறவியர் பள்ளி, பழைய கையெழுத்துத் தொகுதிகளை விற்று கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம் என்று நினைத்தது. துரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட்டோ ஜென்டிலி அதைப் பார்த்தார். உள்ளே கட்டுக்கட்டாக விவால்டி! வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. ராபர்ட்டோ ஃபோவா என்ற பங்குத் தரகர் வாங்கிக் கொடுத்தார், இறந்துபோன தன் கைக்குழந்தையின் நினைவாக. ஆராய்ந்தால், அது பாதித் தொகுப்புதான். மீதிப் பாதி வேறொரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. அதை 1930-ல் ஃபிலிப்போ ஜோர்டானோ என்ற ஜவுளி ஆலை அதிபர் வாங்கிக் கொடுத்தார். அவரும் ஒரு சின்ன மகனைப் பறிகொடுத்தவர். இரண்டு தொகுப்புகளும் அந்தப் பிள்ளைகளின் பெயரோடு துரின் நூலகத்தில் இருக்கின்றன. தம்பி வாசிக்கிற கான்செர்டோவின் மூலப் பிரதியும் அங்கேதான்.

இதைச் சொன்னபோது சித்தி ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வியன்னாவில் ஒரு நேப்பிள்ஸ்காரர்

அடுத்த தலைமுறையில் ஆறு கம்பி கிடார் வந்துவிட்டது. ஃபெர்டினாண்டோ கருல்லி நேப்பிள்ஸில் பிறந்து பாரிஸில் குடியேறியவர். அவரும் கிடார் கான்செர்டோ எழுதினார். இன்றும் கிடார் படிக்கிற பிள்ளைகள் அவருடைய பயிற்சிகளைத் தாண்டாமல் போக முடியாது. ஆனால் நட்சத்திரம் என்றால் மவுரோ ஜூலியானிதான். 1781-ல் தெற்கு இத்தாலியில் பிறந்து, 1806-ல் வியன்னாவுக்குப் போனார். அது பீத்தோவன் வாழ்ந்த ஊர். அங்கே கிடாரை ஒருத்தன் பெரிய மேடையில் வைத்து வாசிப்பதா என்று நினைத்தவர்களுக்கு நடுவில், 1808-ல் தன் முதல் கான்செர்டோவை முழு ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். இப்போது அதைத் தந்திக் கருவிகள் மட்டும் வைத்தும் நிறைய பேர் வாசிக்கிறார்கள். இரண்டாவது கான்செர்டோவுக்கு அவரே தந்திக் கருவிகளை மட்டும்தான் வைத்தார்.

அவர் வழி வேறு. ஆர்கெஸ்ட்ரா ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டமாக வரும். கிடார் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் கிட்டத்தட்ட வாயை மூடிக்கொள்வார்கள். மூன்றாவது கான்செர்டோவில், வழக்கத்தைவிட உயர்ந்த சுருதியில் பாடும் சின்ன கிடாரைப் பயன்படுத்தினார். கணீரென்று கேட்கட்டும் என்றுதானே! கலையில் கெட்டிக்காரர், கணக்கில் இல்லை. கடன் ஏறி, 1819-ல் வியன்னாவை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1829-ல் நேப்பிள்ஸில் இறந்தார்.

பிறகு பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வந்தன, பெரிய அரங்கங்கள் வந்தன, பியானோ வந்தது. கிடார் வரவேற்பறைக்குள் ஒதுங்கிவிட்டது. சுமார் 100 வருடம்.

திரும்பி வந்தது 1939-ல். மரியோ காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ ஃப்ளாரன்ஸ் நகரத்து யூதர். முசோலினி அரசின் 1938 இனச் சட்டங்களுக்குப் பிறகு இத்தாலியில் அவர் இசைக்கு இடம் இல்லை. (விவால்டியைக் கண்டெடுத்த ஜென்டிலியும் யூதர்தான். அதே சட்டத்தால் வேலை இழந்தார்.) ஸ்பானிய கிடார் மேதை செகோவியாவுக்காக, ஊரை விட்டுக் கிளம்பும் முன் இவர் ஒரு கான்செர்டோ எழுதினார். அதன் மெதுவான பகுதியை டஸ்கனி மலைகளிடம் சொல்லிக்கொண்ட விடையாகவே அவர் கருதினார். கிடாரை மூழ்கடிக்காதபடி ஆர்கெஸ்ட்ராவைச் சின்னதாக்கினார். 1939 அக்டோபரில் உருகுவே நாட்டின் மொண்டேவிடியோவில் செகோவியா அதை அரங்கேற்றினார். ஊரை விட்டு வந்தவரோ அமெரிக்காவில் ஹாலிவுட்டுக்கு இசையமைத்தார், சொல்லியும் கொடுத்தார். 'ஸ்டார் வார்ஸ்' ஜான் வில்லியம்ஸ் அவருடைய மாணவர்.

நம்ம ஊர்ல?

இருக்கிறாரே! பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் க்ளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய இளையராஜா. 'அன்னக்கிளி'க்கு முன்னால் அவர் பிழைப்புக்குக் கிடார் வாசித்தவர். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை இந்தக் காதோடு மறுபடி கேளுங்கள். விரலால் மீட்டும் கிடார் முன்னால், மற்றதெல்லாம் ஓர் அடி பின்னால். அங்கே இன்னொரு வசதியும் இருந்தது, விவால்டிக்குக் கிடைக்காதது. மைக்! 1986-ல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் கர்னாடக ராகமும் பாக் பாணியும் தந்திக் கருவிகளில் சந்தித்துக்கொண்டன. கிடாரை நடுவில் உட்காரவைத்து அவர் ஒரு முழு கான்செர்டோ எழுதினால் எப்படி இருக்கும் என்பது என் பேராசை.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் தம்பி ஒரு வேலை செய்தான். இதுவரை ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து, அதோடு போட்டி போட்டுக் கம்பியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன், சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினான். ஸ்பீக்கரைத் தனக்குப் பின்னால் தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தான். நகத்தைத் தேய்த்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

சாயங்காலம் ஆறு மணி. அலை இருந்தது. வயலின்கள் மெல்ல ஆரம்பித்தன, கிடார் நடந்தது. இரண்டாம் பாதி வந்தபோது கீழேயிருந்து சித்தப்பாவின் குரல்.

"டேய், இரு. மோட்டார் ஓடுது, நிறுத்திட்டு வர்றேன். முதல்லேர்ந்து வாசி."