பாட்டனாருக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒரே பெயர்: முன்னோரைப் பிரித்தறிவது எப்படி?

நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தில் ஸைனப் என்ற பெயருடைய பெண்மணிகள் பலர் இருந்தார்கள். நபியவர்களின் மூத்த புதல்வியின் பெயர் ஸைனப். மனைவியரிலும் இருவருக்கு அதே பெயர். ஒருவர் குஸைமாவின் மகள், மற்றவர் ஜஹ்ஷின் மகள். உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தமது முதற் கணவரிடம் பெற்ற மகளும் ஸைனப்தான். பாத்திமா (ரழி) அவர்களின் மகளுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது.

பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் இவர்களில் ஒருவரை மற்றவராக எவரும் மயங்குவதில்லை. ஒவ்வொருவரின் பெயருடனும் தந்தையின் பெயர் சேர்த்தே பேணப்பட்டது. குஸைமாவின் மகளுக்கு ‘உம்முல் மஸாகீன்’, அதாவது ஏழைகளின் தாய், என்ற சிறப்புப் பெயரும் இருந்தது.

அதே வேளை, நமது சொந்த வீட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரண்டு ஆமினா உம்மாக்களை, இரண்டு மீராலெப்பைகளைப் பிரித்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

சுற்றி வரும் பெயர்கள்

நமது முன்னோர் பிள்ளைக்குப் பாட்டனாரின் பெயரை வைப்பதை ஓர் அன்புக் கடனாகக் கருதினார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் தந்தையின் பெயரை முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதும் நமது முறையோடு அது சேரும்போது ஒரு சிக்கல் பிறக்கிறது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மீராலெப்பை என்பவரின் மகன் அகமதுலெப்பை. பத்திரங்களில் அவர் ‘மீராலெப்பை அகமதுலெப்பை’. அவர் தம் மகனுக்குத் தமது தந்தையின் பெயரை வைக்கிறார். அந்த மகன் ‘அகமதுலெப்பை மீராலெப்பை’. அம்மகனும் வளர்ந்து, தன் பிள்ளைக்குத் தன் வாப்பாவின் பெயரை வைக்கிறார். இப்போது அந்தப் பிள்ளையின் முழுப் பெயர் என்ன? ‘மீராலெப்பை அகமதுலெப்பை’. பாட்டனாரின் முழுப் பெயரே அதுவும்! தந்தை பெயரைச் சேர்த்துப் பார்த்தாலும் இருவரும் ஒருவராகவே தோன்றுவார்கள். முதலெழுத்துகளை மட்டும் எழுதும் ஆவணத்தில் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஒரே மனிதர் ஆங்கிலப் பதிவில் ஒரு விதமாகவும், தமிழ் உறுதியில் வேறு விதமாகவும், ஊர்வாயில் ‘பெரியதம்பி’ என்றும் இருப்பார். அவரை மூவராக எண்ணி விடுகிறோம்.

உரிமை சம்பந்தப்பட்ட விடயம்

பழைய பெயர்களைக் கிளறி ஆகப்போவது என்ன என்று சில சகோதரிகள் கேட்கலாம். வாரிசுரிமையை நினைத்துப் பாருங்கள்.

ஷாபிஈ மத்ஹபின்படி, தந்தை உயிருடன் இருக்கும்போதே ஒரு மகன் மௌத்தாகி, தந்தைக்கு வேறு ஆண்மக்கள் இருந்தால், மௌத்தான மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. பாட்டனார் வஸிய்யத்துச் செய்திருந்தால் மட்டுமே அதன்வழி கிடைக்கும். அந்த மகன் தந்தைக்குப் பின் ஒரு நாள் மட்டுமே வாழ்ந்திருந்தாலும் அவருடைய பங்கு உறுதியாகிவிடும். அது அவருடைய வாரிசுகளைச் சேரும். நமது நாட்டில் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், மரணித்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அதன் சட்டப்படியே பங்கிடச் சொல்கிறது.

ஆகவே, ஒரே பெயருடைய இருவரின் மரணப் பதிவுகளை மாற்றி எடுத்துவிட்டால், உரியவர் வெறுங்கையோடு போவார், உரிமையற்றவர் உண்டுவிடுவார். அனாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அந்நிஸா அத்தியாயத்தை ஓதும் எவரும் அறிவர். பல தலைமுறையாகப் பங்கிடப்படாத வளவுகள் உள்ள குடும்பங்களில், யார் முந்தி யார் பிந்தி மரணித்தார் என்பதே முதலாவது கேள்வி.

பால்குடி உறவும் அப்படியே. ஆமினா உம்மா பாலூட்டினார் என்றால், எந்த ஆமினா உம்மா என்று தெரியாமல், யார் யாருக்கு மணமுடிக்க ஆகுமானவர் என்று எப்படிச் சொல்வது?

இமாம்கள் காட்டிய வழி

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதே சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள். ஹிஜ்ரி 463 இல் (கி.பி. 1071) வபாத்தான இமாம் கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அவர்கள், ஒரே பெயர் கொண்ட வேறு வேறு அறிவிப்பாளர்களைப் பற்றி ‘அல்-முத்தபிக் வல்-முப்தரிக்’ என்ற நூலை எழுதினார்கள். ஒருவரைப் பலராகவும் பலரை ஒருவராகவும் எண்ணிய தவறுகளைத் திருத்துவதற்கும் தனியாக ஒரு நூல் செய்தார்கள். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை எண்ணிக் காட்டியுள்ளார்கள். தந்தை பெயரும் ஒன்றாகவே அமைந்த ஆறு பேர்!

எப்படிப் பிரித்தார்கள்? பஸராவில் ஒரே காலத்தில் ஹம்மாத் என்ற பெயரில் இரண்டு பெரும் அறிஞர்கள் இருந்தார்கள். ஒருவர் ஸைதின் மகன், மற்றவர் ஸலமாவின் மகன். அறிவிப்பில் ‘ஹம்மாத்’ என்று மட்டும் வந்தால், அவரிடமிருந்து கேட்டவர் யார் என்று பார்ப்பார்கள். ஸுலைமான் இப்னு ஹர்ப் கேட்டிருந்தால் அவர் ஸைதின் மகன். மூஸா இப்னு இஸ்மாயீல் கேட்டிருந்தால் அவர் ஸலமாவின் மகன். ஒருவரை அவர் பெயர் காட்டாதபோது, அவரைச் சூழ இருந்தவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். நாமும் கைக்கொள்ள வேண்டிய விதி இதுவே.

செய்ய வேண்டியவை

1. பெயருக்கு ஒரு தாள் என்று வைக்காமல், ஆளுக்கு ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் தாயின் பெயர், மனைவி அல்லது கணவரின் பெயர், குடியிருந்த வளவு, தொழில், பட்டப்பெயர், மௌத்தான ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டனாருக்கும் பேரப்பிள்ளைக்கும் பெயர் ஒன்றாகலாம்; தாயும் மனைவியும் வளவும் சேர்ந்து ஒன்றாவது அரிது.

2. காலத்தைக் கணக்கிடுங்கள். 1898 இல் காணி வாங்கியவர் 1905 இல் பிறந்த பேரப்பிள்ளையாக இருக்க முடியாது.

3. உறுதியை அட்டவணை வரை வாசியுங்கள். நான்கு எல்லைகளிலும் அயலவர்களின் பெயர்கள் இருக்கும். விற்றவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். கையொப்பத்தையும் பாருங்கள். ஒருவர் அரபுத் தமிழில் ஒப்பமிட்டு, மற்றவர் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தால் அதுவும் ஒரு தடயம்.

4. விவாகப் பதிவில் வலி யார் என்று பாருங்கள். தந்தைக்குப் பதில் சகோதரர் வலியாக நின்றிருந்தால், தந்தை அதற்கு முன் மௌத்தாகியிருக்கலாம். இதை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்; மரணப் பதிவோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்யுங்கள். முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கு 1886 இலேயே சட்டம் வந்தபோதிலும், பதியப்படாத விவாகங்களும் பல உண்டு.

5. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் குடியைக் கேளுங்கள். அங்கே குடி தாய்வழியாக வருவது. இரு மீராலெப்பைகளின் குடிகள் வேறானால் அவர்கள் ஒரு தாய் பிள்ளைகள் அல்லர்.

6. ஐயமானதை ஐயம் என்றே எழுதுங்கள். ஊகத்தை உறுதிபோல் எழுதினால் அடுத்த தலைமுறை அதையே ஆதாரமாக்கும்.

பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்களில் பலர் உறுதிகளை எடுக்கவும் அவகாசமின்றிப் புறப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கிழக்குக் கரையில் கடல் பல வீடுகளின் பெட்டகங்களை அள்ளிச் சென்றது. இத்தகையோர் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுள் தெரிந்ததைக் கொண்டு தேடலாம். கிடைக்கும் பிரதியில் உள்ள பெயர் எந்தப் பாட்டனாரைக் குறிக்கிறது என்பதற்கு மட்டும் வீட்டு நினைவு துணை வேண்டும்.

அந்த நினைவு யாரிடம்?

பெரும்பாலும் பெண்களிடம். யார் யாருக்கு மாமி, எந்த உம்மா எந்தப் பிள்ளைக்குப் பாலூட்டினார், எந்த மௌத்து பெருநாளுக்கு முந்தியது என்பதையெல்லாம் நமது உம்மும்மாக்களும் வாப்பும்மாக்களும் ஒரு தாளையும் பாராமல் சொல்வார்கள். திகதி தெரியாவிட்டாலும், “மூத்தவள் வயிற்றில் இருந்தபோது” என்று சொல்லும் ஒரு வார்த்தை போதும். பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்தால் ஆண்டு கிடைத்துவிடும். ஆண்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு குடும்பத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவர்களின் தாய்மாரும் மனைவிமாருமே. ஆனால் நாம் வரையும் வம்ச விபரங்களில் அப்பெண்களின் பெயர்களைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

எனவே சகோதரிகளே, வயோதிபர்கள் நம்மோடு இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்து அவர்கள் அருகில் அமருங்கள். ஒருவரையொருவர் அவரவர் தந்தையின் பெயரால் அழைக்கும்படி அல்லாஹ் அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாவது வசனத்தில் பணிக்கிறான். ஸைத் (ரழி) அவர்கள் அதன்பின் ஹாரிஸாவின் மகன் என்றே அழைக்கப்பட்டார்கள். யார் யாருடைய பிள்ளை என்பதைச் சரியாகப் பேணுவது மார்க்கம் நமக்குக் கற்பித்த நேர்மை. உரியவரின் ஹக்கு உரியவரைச் சேர நமது சிறு உழைப்பும் துணையாக அமைய வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.