லிட்டரில் ஃப்ரீசர், கிலோவில் ஃப்ரைஸ்

மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு 45 கிலோ மூட்டையாகக் கைமாறுகிறது. முழுக்கிழங்கைக் கொட்டிவைத்தால் ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 650 கிராம்தான் அடங்கும். ஆக, மூட்டைக்கு 70 லிட்டர். தோல் சீவி, நறுக்கி, அரைவேக்காடாகப் பொரித்து உறைய வைத்தால் ஏறக்குறைய பாதி எடை மிஞ்சும்: 22.5 கிலோ. ஆனால் இடம் பாதியாகிவிடாது. குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் இடையிடையே காற்று நிற்கும். லிட்டருக்குத் தோராயமாக 400 கிராம் என்று பிடித்தால் 56 லிட்டர் வேண்டும். எடை பாதியானது, இடம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மைனஸ் 18 டிகிரியில் வைத்துக் காப்பதற்கான கரண்ட் செலவோ இந்த 56 லிட்டருக்கும் சேர்த்து.

கோவை பேக்கரிக்காரர் ஒருவர் 300 லிட்டர் ஃப்ரீசர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டுக்கணக்கில் 120 கிலோ. பாக்கெட் மூலைகள், காற்றோட்டத்துக்கு விடும் இடைவெளி எல்லாம் போக 70 சதவீதம் நிரம்பினாலே அதிகம்: 84 கிலோ. அதாவது இரண்டரைக் கிலோ பாக்கெட் 33.

பணம் கரைவது பிளேட்டுக்கு ஃப்ரைஸ் அளந்து போடும் கிண்ணத்தில்தான். நாலு படி ஒரு வள்ளம் என்று தானியம் அளந்த ஊர் இது. மணி சிறிது, ஒரே அளவு. தலை தட்டினால் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே எடை வரும். ஃப்ரைஸ் அப்படி அடங்காது. நீளக்குச்சியாக விழுந்தால் 250 மில்லி கிண்ணத்தில் 100 கிராம். பாக்கெட்டின் அடியில் தங்கிய உடைசல் என்றால் நெருங்கி உட்கார்ந்து 120 கிராம்கூட ஆகலாம். கிலோ 140 ரூபாய் என்றால் பிளேட்டுக்கு 14 ரூபாய் சரக்கு 16.80 ஆகிறது. எல்லாப் பிளேட்டும் இப்படிப் போனால், நாளுக்கு 40 பிளேட், மாதம் 30 நாள்: கூடுதல் செலவு 3,360 ரூபாய். கல்லாவில் இது குறைவாகத் தெரியாது, ஏனென்றால் யாரும் திருடவில்லை.

பொரிக்கும்போது நீர் வெளியேறி, கொஞ்சம் எண்ணெய் ஏறி, 100 கிராம் கடைசியில் 65 கிராம் போலத் தட்டுக்கு வரும். விலையை உறைந்த எடையில் போடுங்கள். 6 மில்லிமீட்டர் குச்சியிலிருந்து 9 மில்லிமீட்டருக்கு மாறினால் பழைய கிண்ணக் கணக்கு உதவாது. கிண்ணத்தை நாலைந்து தடவை நிரப்பி, தராசில் வைத்து, சராசரியை எழுதி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள்.