கரடி நாட்டில் – 9: மார்போடு கட்டிய துப்பாக்கி

அலாஸ்கா தீபகற்பத்தில் பெச்சராஃப் ஏரிக்குப் பக்கத்தில், 2016 ஜூலை மாதம், வேட்டை வழிகாட்டி ஒருவர் மீன் பிடிக்க வந்த இருவரை ஓடைக்கரையோரமாக அழைத்துப்போய்க்கொண்டிருந்தார். பழுப்புக் கரடிகளுக்கு நடுவிலேயே பல பத்தாண்டுகளாகப் பிழைப்பு நடத்துபவர் அவர். வழக்கமாக .44 மாக்னம் ரிவால்வர்தான் அவர் துணை. அன்று கையோடு எடுத்துப்போனது ஒல்லியான 9 மி.மீ. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிஸ்டல். புதருக்குள்ளிருந்து உறுமலோடு பாய்ந்த கரடி இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு நெருங்கிவிட்டது. அடுத்தடுத்துச் சுட்டார். கரடி திரும்பி ஓடிக் கொஞ்ச தூரத்தில் விழுந்து செத்தது. மூன்று பேருக்கும் காயம் எதுவும் இல்லை.

இந்தச் செய்தி துப்பாக்கி உலகத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் 9 மி.மீ. தோட்டா மனிதனுக்குச் சரி, கரடிக்கு உதவாது என்பதுதான் அதுவரை பலருடைய நம்பிக்கை. வழிகாட்டியின் பிஸ்டலுக்குள் இருந்ததோ போலீஸ் தோட்டா அல்ல. அங்கிருந்துதான் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

போலீஸ் பயன்படுத்தும் குண்டின் முனையில் ஒரு குழி இருக்கும். உடம்புக்குள் நுழைந்ததும் அது பூப்போல விரிந்து, வேகம் தணிந்து, உள்ளேயே நின்றுவிடும். பின்னால் நிற்கும் அப்பாவி மீது பாயக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கரடியிடம் இதே ஏற்பாடு ஆபத்தாகிவிடும். அடர்ந்த ரோமம், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே இறுகிய தசை, தோள்பட்டை எலும்பு எல்லாவற்றையும் கடந்தால்தான் இதயமும் நுரையீரலும். விரிகிற குண்டு பாதி வழியிலேயே நின்றுபோகலாம். அதனால் கரடிக் காட்டுக்குப் போகிறவர்கள் கெட்டி ஈயக் குண்டைத் தேடி வாங்குகிறார்கள். ஈயத்தோடு ஆன்டிமணியும் தகரமும் கலந்து வார்த்தது, முனை தட்டையானது. எலும்பில் பட்டாலும் நசுங்காமல் நேர்க்கோட்டில் ஆழமாகப் போகும். அந்த வழிகாட்டியிடம் இருந்ததும் அப்படிப்பட்ட 147 கிரெய்ன் குண்டுதான். எடை ஒன்பதரை கிராம்.

ஆகவே 9 மி.மீ. போதும் என்று முடிவுகட்டிவிட முடியுமா? முடியாது. தோட்டா பெரிதாக ஆக, தப்புக்கு இடம் கொஞ்சம் கூடுகிறது. 1983இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் இருவர், அலாஸ்காவில் வேலை பார்க்கும் களப்பணியாளர்களுக்காக ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி என்று எல்லாவற்றையும் சுமார் 14 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்து அளந்தார்கள். கனமான ரைஃபிள்களே மேல் என்று தெரிந்தது. கைத்துப்பாக்கிகளில் முன்னால் நின்றது .44 மாக்னம். 1950களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு சந்தைக்கு வந்த இந்தத் தோட்டாவை அலாஸ்காக்காரர்கள் இன்றும் கைவிடவில்லை.

அதற்கு மேலேயும் போகலாம். 2003இல் வந்த .500 மாக்னம் ரிவால்வரின் நீளக் குழல் மாடல் இரண்டு கிலோ எடை. அதைச் சுட்டால் கை மேலே தூக்கி அடிக்கிறது; மறுபடி குறிக்குக் கொண்டுவந்து இரண்டாவது முறை சுடுவதற்குள் நேரம் போய்விடுகிறது. ஓடிவரும் கரடி முன்னால் அந்த நேரம் கிடைக்காது. கடையில் கையிலெடுத்துப் பார்க்கும்போது கம்பீரமாகத் தெரிகிற ஆயுதம், நாலு நாள் மலையேற்றத்தில் பையின் அடிக்குப் போய்விடுவதும் உண்டு.

இதனால்தான் 10 மி.மீ. பிஸ்டலுக்குக் கடந்த சில ஆண்டுகளில் மவுசு கூடியிருக்கிறது. 1983இல் பிறந்த தோட்டா இது. எஃப்.பி.ஐ. கொஞ்ச காலம் எடுத்துப் பார்த்துவிட்டு, பலருடைய கைக்கு முரடாக இருக்கிறது என்று விட்டுவிட்டது. கிளாக் 20 பிஸ்டலில் ஒரே மேகசினில் 15 தோட்டா கொள்ளும். ரிவால்வரில் ஐந்தோ ஆறோதான். வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்கு எதிராக ரைஃபிளோடு கூட வைத்திருப்பதும் இந்த 10 மி.மீ. பிஸ்டலைத்தான். பயிற்சி உள்ள ஒருவருக்கு இன்றைக்கு நடைமுறையில் நல்ல தேர்வு இது என்றே சொல்லலாம்.

ஆனால் தோட்டாவைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுகிறவர்கள், துப்பாக்கி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. பழுப்புக் கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டர் தள்ளிப் புதருக்குள் படுத்திருந்த கரடி பாய்ந்தால், எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது இரண்டே விநாடி.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை வழக்கமான உறையை மறைத்துவிடுகிறது. மீன் பிடிக்கிறவர் மார்பு வரை ரப்பர் உடை போட்டுத் தண்ணீரில் நிற்கிறார். அதனால் அலாஸ்காவில் மார்பு உறை வைத்துக்கொள்கிறார்கள்: ஒரு வார் தோளைத் தாண்டி, இன்னொன்று விலாவைச் சுற்றி. துப்பாக்கி நெஞ்செலும்புக்குக் கீழே சாய்வாகப் படுத்திருக்கும்; கைப்பிடி வலது கைக்கு நேராக. பையைக் கழற்றி வைத்தாலும் துப்பாக்கி உடம்பை விட்டுப் போகாது. உயிர் பிழைப்பது தோட்டாவைவிட இதைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

வயோமிங் மாநிலத்தின் டீட்டன் வனப்பகுதியில் 2018 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். முதல் நாள் அம்பெய்து வீழ்த்திய எல்க் மானின் இறைச்சியை எடுக்க, ஒரு வழிகாட்டியும் அவருடைய வாடிக்கையாளரும் திரும்பிப் போனார்கள். இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தபோது கிரிஸ்லி கரடி பாய்ந்தது. கைத்துப்பாக்கி சற்றுத் தள்ளி, கழற்றி வைத்த பைகளோடு இருந்தது. வாடிக்கையாளர் ஓடிப்போய் எடுத்தார், சுட முடியவில்லை. வழிகாட்டியை நோக்கி வீசினார். அது அவரிடம் போய்ச் சேரவில்லை. வழிகாட்டி உயிரிழந்தார். செத்த மிருகத்தின் பக்கத்தில் வேலை செய்வதுதான் கரடி நாட்டில் மிக ஆபத்தான வேலை. துப்பாக்கி உடம்பிலேயே இருக்க வேண்டிய நேரம் அது.

இனி ஸ்பிரே. மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா. ஏழெட்டு மீட்டர் வரை மேகமாகப் பாயும். டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களோடு 2008இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் பழுப்புக் கரடி மீது ஸ்பிரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் கரடி தன் செயலை நிறுத்திக்கொண்டது. நெருக்கத்தில் கரடியைச் சந்தித்தபோது ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் தப்பினார்கள். 2012இல் ஸ்மித்தும் ஹெரேரோவும் வேறு சிலரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை ஆராய்ந்தது. கைத்துப்பாக்கி 84 சதவீதம் கைகொடுத்தது. ரைஃபிளும் ஷாட்கன்னும் 76 சதவீதம். திடுக்கிட வைப்பது அடுத்த முடிவு: துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயம்பட்ட விகிதம் ஒன்றாகவே இருந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முழுக்கச் சரியல்ல. ஆர்வத்தில் எட்டிப்பார்க்க வந்த கரடிக்கு அடித்த ஸ்பிரேயும், உயிர் போகும் கட்டத்தில் சுட்ட குண்டும் ஒரே தராசில் நிற்காது. எதிர்க்காற்று அடித்தால் ஸ்பிரே அடித்தவர் கண்ணிலேயே விழும். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறைகூடச் சுட்டுப் பழகாதவருக்கு ஸ்பிரேதான் உயிர்காப்பு. நடுங்கும் கையால் ஓடிவரும் கரடியின் மூளையைக் குறிபார்க்க வேண்டாம். அதன் பாதையில் ஒரு திரையைப் போட்டால் போதும். தவிர, கரடியும் பிழைத்துப்போகும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு யெல்லோஸ்டோனுக்கும் கிளேசியர் பூங்காவுக்கும் போகிறார்கள். 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோக அனுமதி உண்டு. ஆனால் எச்-1பி, மாணவர், சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரிடம் இரவல் வாங்கினாலும் குற்றம்தான். அவர்களுக்கு இருக்கும் வழி ஸ்பிரே ஒன்றே. அதையும் விமானத்தில் எடுத்துப்போக முடியாது, சரக்குப் பெட்டியில்கூட. இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதைப் பைக்குள் போடாமல் பட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

உரிமை உள்ளவர் சுட்டுக் கொன்றாலும் வேலை முடிவதில்லை. அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றவர், நகங்களோடு சேர்த்துத் தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, மீன்–வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். எழுத்தில் அறிக்கையும் தர வேண்டும். தோலும் மண்டையோடும் அரசுக்கே சொந்தம். முகாமில் உணவையோ குப்பையையோ கவனக்குறைவாக விட்டு அவரே கரடியை வரவழைத்திருந்தால், தற்காப்பு என்ற வாதம் அங்கே செல்லாது. அந்த உணவுப் பையை எங்கே, எப்படி வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)