சிக்னல்ல நின்னா மட்டும் சூடாகுற கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் என் கார் கதை. இதுல நான் கையைச் சுட்டுக்காம தப்பிச்சேன், 30,000 ரூபாயும் தப்பிச்சுது.

பொங்கல் லீவு முடிஞ்சு விழுப்புரத்துல இருந்து சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தோம். பக்கத்துல அப்பா, பின்னாடி அம்மா. செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் 80, 90-ல வண்டி அமைதியா வந்துச்சு. பெருங்களத்தூர் வந்ததும் வழக்கம்போல ஊரே ரோட்ல நிக்குது. பத்து நிமிஷம் நகரவே இல்ல. அப்போதான் மீட்டர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுது. என்னோடது சின்ன கார், டெம்பரேச்சர் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ச்சியா இருந்தா நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானா சிவப்பு. அவ்வளவுதான்.

ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, நேரா ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனேன். அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்தார். "அறிவிருக்கா? ஆறட்டும் விடு!"

அவர் சொன்னது ஏன் சரின்னு பிறகுதான் புரிஞ்சுது. அந்த மூடி, உள்ளே இருக்கிற கூலன்ட்டை அழுத்தத்துலயே வெச்சிருக்கு. அழுத்தம் இருக்கிறதால அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில அழுத்தம் போயிடும், மொத்தமும் கொதிச்சு முகத்துல அடிக்கும்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். கூட்டம் குறைஞ்சதும் கிளம்பினோம். வீடு வரைக்கும் விளக்கு எரியவே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மறுநாள் ஒர்க்‌ஷாப். ஓட்டிக்கூடப் பார்க்கல. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்கணும், 30,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஒரு கேள்வி உறுத்திச்சு: கேஸ்கெட் போயிருந்தா, விழுப்புரத்துல இருந்து அவ்வளவு தூரம் எப்படி நல்லா வந்துச்சு?

எப்போ சூடாகுது?

வண்டி ஓடும்போது எதிர்காத்து ரேடியேட்டர் வழியா புகுந்து கூலன்ட்டை ஆத்திடும். நின்னா அந்தக் காத்து இல்ல. அப்போ ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கிற மின்விசிறிதான் காத்தை இழுக்கணும். ஆகவே ஹைவேயில நார்மல், சிக்னல்ல சூடுன்னா, முதல் சந்தேகம் ஃபேன் மேலதான் வரணும். நின்னாலும் ஓடினாலும் சூடு, வேகம் கூடக் கூட இன்னும் சூடுன்னா கதை வேற. கூலன்ட் சரியா சுத்தல, இல்ல ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருக்குன்னு யோசிக்கணும்.

எனக்கு இன்னொரு துப்பு ரெண்டு வாரமா கண் முன்னாடியே இருந்திருக்கு. தெருமுனையில ஏசி வேலை பார்க்கிற அண்ணன் கேட்டார்: "நிக்கும்போது ஏசில சூடான காத்து வருதா தம்பி? ஓட்டினா கூலிங் வந்துடுதா?" ஆமாண்ணே. அதுக்காக கேஸ் கூட ரொப்பிட்டேன்! ஏசியோட கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னாடிதான் இருக்கு. என் கார் மாதிரி சின்ன வண்டியில ரெண்டுக்கும் ஒரே ஃபேன். ஃபேன் சுத்தலைன்னா ரெண்டுமே திணறும். ரெண்டு புகார், ஒரே நோய்.

நீங்களே பார்க்கலாம்

முதல்ல, எஞ்சின் முழுசா ஆறினதுக்கு அப்புறம் கூலன்ட் அளவைப் பாருங்க. டப்பாவுல குறைஞ்ச அளவு, அதிக அளவுன்னு ரெண்டு கோடு இருக்கும், அதுக்கு நடுவுல இருக்கணும். நிக்கும்போது வாட்டர் பம்பும் மெதுவாத்தான் சுத்தும், அதனால கூலன்ட் குறைஞ்சிருந்தாலும் இதே அறிகுறி வரலாம். அடிக்கடி குறைஞ்சா எங்கேயோ ஒழுகுது.

ரெண்டாவது, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. பெரும்பாலான கார்கள்ல கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். தள்ளி நின்னு பாருங்க. சில வண்டிகள்ல எஞ்சினை ஆஃப் பண்ண பிறகும் ஃபேன் திடீர்னு சுத்தும், அதனால விரல், துப்பட்டா எதுவும் கிட்டப் போகக் கூடாது.

சுத்தலையா? எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஃபேனுக்கான ஃபியூஸைப் பாருங்க. அது நல்லா இருந்தா ரிலே. ஃபியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே இருந்தா, ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. இப்போ சுத்தினா ரிலேதான் குற்றவாளி.

அதுக்கு மேல எலக்ட்ரீஷியன் வேலை. ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியில இருந்து நேரா 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பாங்க. சுத்தினா மோட்டார் நல்லா இருக்கு, தப்பு வயர்லயோ சென்ஸர்லயோ. என் வண்டியில சுத்தல. ஆனா அந்த அண்ணன் ஸ்க்ரூடிரைவர் பிடியால ரெண்டு தட்டு தட்டினதும் சுத்த ஆரம்பிச்சுது. மோட்டார் உள்ளே இருக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. மோட்டார் மாத்தினோம், கூலியோட 4,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

ஃபேன் நல்லா சுத்தியும் சூடானா, கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசி, பூச்சி, இலை அடைச்சிருக்கான்னு பாருங்க.

கேஸ்கெட் போகவே போகாதுன்னு சொல்லல. வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறையுது, சைலன்ஸர்ல வெள்ளைப் புகை நிக்காம வருது, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்குன்னா அந்தப் பேச்சைக் கேளுங்க. ஒன்னுமே இல்லாம சொன்னா, "எதை வெச்சு சொல்றீங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. அது நோயை மறைக்கிற வேலை.

நடுரோட்ல விளக்கு எரிஞ்சா

ஏசியை அணைங்க. கண்ணாடியை இறக்கிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்க்கும், ஆனா எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துடும். ஓரங்கட்ட இடம் கிடைச்சதும் எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டாதீங்க. அலுமினிய ஹெட் வளைஞ்சா, அப்போதான் நிஜமாவே அந்த 30,000 செலவு வரும். சூடான எஞ்சின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. மூடியைத் தொடாதீங்க.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனா "சூடாகுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்போ சூடாகுது, எப்போ ஆகல, அப்போ ஏசி எப்படி இருந்துச்சுன்னு சேர்த்துச் சொல்லுங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

அடுத்த வாரம் சந்திப்போம். மூடியில கை வைக்காம இருங்க, அப்பா சொன்னதாவே வெச்சுக்கோங்க.