டயாலிசிஸும் பத்தியமும்

பத்தியம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. மஞ்சட்காமாலைக்கும் பிரசவத்திற்கும் நாட்டு மருந்துக்கும் பத்தியம் காத்துப் பழகிய குடும்பங்களே தேவிகாபுரத்தில் மிகுதி. ஆனால் அவை யாவும் நாட்கணக்கில் முடிவன. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவரின் பத்தியமோ முடிவு நாள் குறிக்கப்படாதது. அன்றியும், சத்துள்ளவை என்று நாம் நம்பிவந்த பண்டங்களையே அது விலக்கச் சொல்கிறது. இவ்விரண்டு காரணங்களாலேயே நெசவாளர் வீடுகளில் அது தடுமாறுகிறது என்பது நமது எண்ணம்.

சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் இரத்தத்தைச் சுத்தி செய்பவை. இயந்திரமோ, வாரம் மும்முறை, தடவைக்கு 4 மணி நேரம் என்று கொண்டாலும், 12 மணி நேரமே உழைக்கிறது. இடைப்பட்ட நாட்களில் சேரும் கழிவும் நீரும் உடலிலேயே தேங்கும். தணிக்கை செய்யும் வழக்கத்தில் சொல்வதானால், வரவு நாள்தோறும் எழுதப்படுகிறது. செலவுப் பத்தி வாரத்தில் மூன்று நாட்களே திறக்கிறது.

தேங்குவனவற்றுள் மிக அஞ்சத்தக்கது பொட்டாசியம். அது இரத்தத்தில் அளவு மீறினால், முன்னறிவிப்பின்றியே இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும். நோயாளிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 மில்லிகிராம் என்று வரையறுத்தால், ஓர் இளநீரிலேயே கால் பங்கு போய்விடும். நலம் விசாரிக்க வருவோர் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவது அன்பினால்தான். எனினும் அதனினும் முட்டை வாங்கிச் செல்வது மேல். காய்களைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் பெரிதும் குறையும். வெந்த நீரை வீணாக்கலாகாதென்று இரசத்தில் சேர்க்கும் சிக்கனம் இங்கே கூடாது. இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று விற்கப்படும் ‘சோடியம் குறைந்த’ உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குழித்தறியில் அமர்ந்து உழைப்பவர்க்குத் தாகம் இயல்பு. வைத்தியர் பொதுவாக விதிப்பது, முந்திய நாள் கழிந்த சிறுநீரின் அளவும் அதற்குமேல் அரை லிட்டருமே. தேநீர், மோர், இரசம், கூழ் யாவும் இதில் அடக்கம். உடலில் ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும், கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். தாகத்தை அடக்குமுன் உப்பை அடக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இலையில் உள்ளவரை தண்ணீர்க் கட்டுப்பாடு வெறும் பேச்சே. அன்றைய அளவு நீரைக் காலையில் ஒரு புட்டியில் நிரப்பிவைத்து, வேறு எதைப் பருகினாலும் அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுவது நல்ல முறை.

பாஸ்பரஸ் மிகுந்தால் அரிப்பெடுக்கும், எலும்பு தேயும். அதற்கான மாத்திரையை உணவோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் பயனில்லை.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. டயாலிசிசுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்ன வைத்தியரே, தொடங்கிய பின் கூட்டச் சொல்வார். சுத்திகரிப்பின்போது புரதச் சத்தும் ஓரளவு வெளியேறுவதே காரணம். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. பழைய பத்தியத்தையே தொடர்ந்து உடல் நலிவோர் உண்டு. பாஸ்பரஸ் குறைந்த முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு உகந்தது.

தறியிலும் அமர்ந்து, அடுப்பையும் கவனிக்கும் இல்லத்தரசிக்கு இரண்டு சமையல் இயலாது. வடித்த காயைக் கொண்டு, உப்புச் சேர்க்குமுன் நோயாளியின் பங்கைத் தனியே எடுத்துவிட்டால் ஒரே அடுப்பு போதும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிசுக்கு இடமுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாயிலாக, வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிசுக்கான திரவப் பைகளும் வழங்கப்படுகின்றன. அம்முறை நாள்தோறும் நடைபெறுவதால், அவர்களுக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். ஆதலின், அடுத்த வீட்டாரின் உணவுப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ளாமல், இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துச் சென்று தம் வைத்தியரிடமே பட்டியல் பெற்றுக்கொள்ள வேண்டும்.