கறுப்பு எனாமலுக்குப் பலியாகும் ரபீட்

பழைய பிரிட்டிஷ் பைக் என்று பேச்செடுத்தாலே பலர் வாயில் முதலில் வரும் பெயர் வின்சென்ட் பிளாக் ஷேடோ. அதே ஸ்டீவனேஜ் தொழிற்சாலையில் அதற்கு முன்பே பிறந்த ரபீட்டுக்கு எப்போதும் இரண்டாம் இடம்தான். விலையும் அப்படியே. இது நியாயமா?

இரண்டிலும் அதே 998 சிசி வி-ட்வின். எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. கீழே தாங்க சட்டம் கிடையாது. முன்னும் பின்னும் இரட்டை டிரம் பிரேக். சக்கரத்தைக் கழற்ற ஸ்பானர்கூட வேண்டாம், அச்சிலேயே இருக்கும் சிறு கைப்பிடியைத் திருகினால் போதும். 1946-ல் வந்த ரபீட்டுக்கு 45 குதிரைசக்தி, மணிக்கு 110 மைல். 1948-ல் வந்த ஷேடோவுக்கு 55 குதிரைசக்தி, 125 மைல். பெட்ரோலே ரேஷனில் கிடைத்த அன்றைய பிரிட்டனில் 110 மைலே யாரும் எதிர்பாராத வேகம்.

அந்தக் கூடுதல் 10 குதிரைசக்தி எப்படி வந்தது? கம்ப்ரஷனைச் சற்றே கூட்டினார்கள், பெரிய கார்புரேட்டர் மாட்டினார்கள், கனெக்டிங் ராடுக்குப் பாலிஷ் போட்டார்கள். கூடவே விளிம்பில் வரிவரியான வார்ப்பிரும்பு பிரேக் டிரம், 150 மைல் வரை காட்டும் 5 அங்குல ஸ்பீடோமீட்டர், எஞ்சின்மேல் சூடேற்றி இறுக்கிய கறுப்பு எனாமல். ஷேடோவுக்கு வழிகாட்டிய சோதனை வண்டி ‘கங்கா தின்’கூட ஒரு ரபீட்தான்.

வயிற்றைக் கலக்குவதும் இதுதான். வித்தியாசம் இவ்வளவு குறைவு என்பதால், ரபீட்டை ஷேடோவாக்குவது கைதேர்ந்த மெக்கானிக்குக்குக் கடினமே இல்லை. மாற்றியவர் உண்மையைச் சொல்லியே விற்கலாம். இரண்டு கை மாறினால் அந்த உண்மை காணாமல் போய்விடும்.

காட்டிக்கொடுப்பது எண்தான். ஷேடோ எஞ்சினில் ‘எஃப்10ஏபி/1பி’ என்று பொறித்திருக்கும். ரபீட்டில் ‘1’ மட்டும், பின்னால் ‘பி’ வராது. சட்டத்தின் எண் எஞ்சின் எண்ணைவிட 1900 கூடுதலாக இருக்க வேண்டும். எஞ்சினில் 5000 என்றால் சட்டத்தில் 6900. கணக்கு உதைத்தால் கைக்காசை வெளியே எடுக்காதீர்கள். தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் உரிமையாளர் சங்கத்திடம் முதலில் கேளுங்கள்.

‘என் வண்டி, என் இஷ்டம்’ என்பவர்களும் உண்டு. சட்டப்படி அது சரிதான். ஆனால் 1955-ல் வின்சென்ட் பைக் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று கறுப்பு பூசி ஷேடோவாக்கப்படும் ஒவ்வொரு ரபீட்டும் திரும்பி வராத இழப்பு. போலி ஷேடோ ஒன்று கூடும்போது அசல் ரபீட் ஒன்று குறைகிறது.

எனவே வாங்குகிறவர்கள்தான் மாற வேண்டும். வெள்ளிநிற அலுமினிய எஞ்சினோடு, எண்கள் பொருந்தி நிற்கும் ரபீட்டுக்கு உரிய விலையைத் தயங்காமல் கொடுங்கள். அதை அதுவாகவே வைத்திருப்பது லாபம் என்று ஆனால், எனாமல் டப்பாவை யாரும் திறக்க மாட்டார்கள்.